எங்களுக்கு ஆட்சேபணை உண்டு

அண்ணன் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். பாதியிலேயே என் குரல் ஏறிவிட்டது.

மேற்பயிற்சிக்கு அங்கே போன டாக்டர்களுக்கு விசாவில் ஒரு நிபந்தனை. பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் வந்து இருக்க வேண்டும். அதை நம்பித்தான் எங்கள் ஊர் பண்டசோழநல்லூரே காத்திருந்தது. எங்கள் சுகாதார நிலையத்தில் கட்டடம் இருந்தது, கம்பவுண்டர் இருந்தார், டாக்டர் இல்லை. போடுகிற டாக்டரெல்லாம் வந்த வேகத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். “ரெண்டு வருஷம் நம்ம ஊர்லதான் இருப்பேன். சட்டமே அப்படித்தான்” என்று அண்ணன் பஸ் ஏறும்போது ஊர் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இப்போது, அந்த நாட்டு அரசுத் துறை ஒன்று அவன் தன் ஆஸ்பத்திரிக்குத் தேவை என்று பரிந்துரைக்கிறதாம். ஏற்றுக்கொண்டால் நிபந்தனையிலிருந்து விலக்கு. காரணம்? அது கிராமப் பகுதியாம். டாக்டர்கள் யாரும் வர மாட்டேன் என்கிறார்களாம்.

எனக்கு வந்ததே கோபம்! கடிதத்தோடு கம்பவுண்டரிடம் ஓடினேன்.

“நம்ம கவர்மெண்ட்டு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தாத்தான் வுடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் பாப்பா. இருக்குன்னு எழுதிட்டா இன்னா பண்ணுவாங்க?” என்றார், பாதி விளையாட்டாக.

அது போதுமே! அன்றே மனு எழுதினேன். கல்லூரிக்கு இரண்டு நாள் மட்டம் போட்டுவிட்டு வீடுவீடாக அலைந்தேன். மளிகைக்கடை பாய் முதல் கையெழுத்து. நடவிலிருந்த ஓர் அக்கா சேற்றைப் புடவையில் துடைத்துவிட்டு ரேகை வைத்தாள். “உங்கண்ணன இட்டாந்துடு கண்ணு. என் புள்ளைக்கு இழுப்பு வந்தா பஸ்ஸுக்கு நிக்கிறதுக்குள்ள எனக்கு உசுரு போவுது.”

அப்பா கத்தினார். “கூடப் பொறந்தவன் மேலயே மனுவா? ஊரே சிரிக்கும்டி!”

“சிரிக்கிறவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்கப்பா.”

புதுச்சேரியில் என்னை அலுவலகம் அலுவலகமாகத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் ஓர் அதிகாரி மனுவை முழுவதும் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா இந்த வழியில நம்மள கேக்கவே மாட்டாங்க. கேக்கறதும் அவங்க கவர்மெண்ட்டு, குடுக்கறதும் அவங்க கவர்மெண்ட்டு.”

“அப்ப எங்க ஆட்சேபணை?”

“உங்கண்ணனுக்கே எழுதிப் பாரேன்” என்று மனுவைத் திருப்பித் தந்தார்.

எழுதினேன். பதில் வரவில்லை. சில மாதம் கழித்து விலக்கு கிடைத்த செய்திதான் வந்தது. பனியில் நின்று அண்ணன் சிரிக்கும் போட்டோவும் கூடவே. அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கம்பவுண்டரும் வாங்கிக்கொண்டார். “கோவம் வேற, லட்டு வேற பாப்பா” என்றார். நான் தொடவில்லை.

அவன் இடத்தில் இருந்தால் நானும் தங்கியிருப்பேனோ என்னவோ. ஆனால் சட்டத்தின் பேரில் ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதே சட்டத்தில் சந்து தேடியிருக்க மாட்டேன்.

மறுவாரம் அந்த அக்கா வழியில் நிறுத்தினாள். இடுப்பில் பிள்ளை, நெஞ்சு விசில் அடித்தது.

“மனு இன்னா ஆச்சு?”

“நம்மள கேக்கவே இல்லக்கா.”

“கேக்காட்டி நீ வுட்டுடுவியா?” என்றாள், என் மேல்தான் கோபமாக.

அன்று மாலையே வேறு மனு எழுதினேன். யாராவது ஒரு டாக்டர் வேண்டும் என்று. அண்ணன் பெயரை அதில் எழுதவில்லை.