அலுமாரித் திறப்பும் நாலாம் பாகமும்

போன கிழமைப் பேப்பரில் இதே இடத்தில் ஒரு படத்தைக் கிழிகிழியென்று கிழித்திருந்தேன். ஞாபகம் இருக்கும். மூன்று பாகம் வயிறு நோகச் சிரிக்க வைத்துவிட்டு, நாலாம் பாகத்தில் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவது என்ன நியாயம்? தொடர் என்றால் அதற்கென்று ஒரு குணம் வேண்டாமா? இப்படியெல்லாம் கேட்டிருந்தேன்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகி பதில் போட்டிருக்கிறார். ஆங்கிலம் படிப்பிக்கிறவராம். சுருக்கமான கடிதம். "நாலு பாகமும் பார்த்தேன். எந்தப் பாகத்திலும் சிரிக்க ஒன்றுமில்லை. மனைவியைக் கொன்றவனைத் தேடித் திரிகிற ஒரு பொலிஸ்காரனின் கதை அது. நீங்கள் வேறு ஏதோ படம் பார்த்திருக்கிறீர்கள்."

எனக்குச் சரியான கோபம். நான் மட்டுமா சிரித்தேன்? எங்கள் மாங்குளத்தில் பாதிப் பேர் என்னோடு இருந்து சிரித்தார்களே... அத்தனை பேரும் விசரர்களா?

நாங்கள் படம் பார்க்கிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டைக் காலம், இரவில் ஒருவரும் வெளியே போவதில்லை. அதனால் ஞாயிறு மத்தியானம்தான் படம். சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பழைய நெல் ஸ்டோர். ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டினால் தியேட்டர் தயார். அங்கே கரண்ட் இல்லை. சுவருக்குப் பின்னால் ஜெனரேற்றர் ஓடும். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் தும்மினாலும் கேட்காது. தமிழ்ப் படமென்றால் பரவாயில்லை, வாயசைவைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவோம். இங்கிலிஷ் படத்துக்கு என்ன செய்வது?

அதற்குத்தான் யோகன் இருந்தான். ரீவிக்குப் பக்கத்தில் நின்று, அதன் பெட்டியோடு காதை ஒட்டி வைத்துக் கேட்டு, பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கத்துவான்.

யோகன் டிராக்டர் மெக்கானிக். அவனுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்கு ஊர் கண்ட ஒரே சாட்சி, டிராக்டரோடு வந்த புத்தகத்தை அவன் விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

முதலாம் பாகத்தில் ஒரு காட்சி. பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மனைவியின் கல்லறைக்கு முன்னால் முழந்தாளில் நிற்கிறான். உதடு அசைகிறது. யோகன் காதைக் கொடுத்துக் கேட்டான். தலையை ஆட்டினான். திரும்பினான்.

"இஞ்சாரும், அலுமாரித் திறப்பை எங்கை வைச்சிட்டுப் போனனீர்? எண்டு கேக்கிறார்!"

செத்தவளிடம் சாவி கேட்கிறானாம்! நெல் ஸ்டோர் சிரிப்பில் அதிர்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "ஐயோ, இந்த மனிசரிட்டைச் செத்தும் தப்பேலாது!" என்று கத்தினார்.

ஒவ்வொரு பாகத்திலும் அந்தக் கல்லறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் திறப்பைத்தான் கேட்டான். மூன்றாம் பாகத்தில் அவன் தொப்பியைக் கழற்ற முன்னரே சனம் "திறப்பு! திறப்பு!" என்று கத்தத் தொடங்கிவிட்டது.

யோகன் என் சிநேகிதன். நான் தபால் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டு, அதன் பின்னறையிலேயே தனியாக இருக்கிறவன். வேலை முடிந்ததும் அவன் கிறீஸ் மணக்கிற கையோடு வருவான். என்னிடமுள்ள இரண்டு கதிரைகளில் நல்லது அவனுக்கு, சாப்பாடும் என்னோடுதான். நான் ஒரு சொல் சொல்ல அவன் ஒன்பது சொல்லுவான்.

ஒரு நாள், "கொழும்புக்கு டிராக்டர் சாமான் எடுக்கப் போறன் மச்சான்" என்றான். போனான். மூன்று கிழமைக்குப் பிறகு அவனுடைய தாயார் முத்திரை வாங்க வந்தார். "தம்பி, ஜேர்மனிக்கு எவ்வளவு ஒட்ட வேணும்?" என்று கேட்டார். அவன் அங்கே போய்விட்ட விஷயம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

இந்த நாட்களில் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லைதான். ஆனால் என்னிடமுமா?

இரண்டு கடிதம் போட்டான். நான் பதில் எழுதவில்லை. ஊராரின் கடிதத்துக்கெல்லாம் சீல் குத்துகிறவன், அவனுடையதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். இரண்டாவது கடிதத்தில் கேட்டிருந்தான்: "மச்சான், நாலாம் பாகம் வந்திட்டுதோ? எப்பிடியெண்டு எழுது. இஞ்சை கதைக்க ஒருத்தரும் இல்லை."

நாலாம் பாகம் வந்தது. வழக்கம்போல வீடியோ கசெற் கடைக்கார நானாதான் கொண்டுவந்தார். ரீவிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

"ஐயா பேப்பரிலை எழுதிறவர்தானே... ஒருக்காப் போய்ச் சொல்லிப் பாருங்கோவன்" என்றார் நானா.

போனேன். காதை வைத்தேன். ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி வந்து குந்திவிட்டேன். படம் ஓடியது. கல்லறை வந்தது. தொப்பி கழன்றது. பின்னாலிருந்து யாரோ "திறப்பு!" என்று கத்திப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அந்தக் கோபத்தில்தான் போன கிழமை அப்படி எழுதினேன்.

வாசகியின் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன். முதலாம் பாகத்தைப் போடச் சொன்னேன். கடையில் கரண்ட் உண்டு. ஜெனரேற்றர் இல்லை.

முதன்முதலாக அந்தப் படத்தின் சத்தத்தைக் கேட்டேன். பின்னணியில் இழுத்து இழுத்து ஒரு சோக வாசிப்பு. அந்தப் பொலிஸ்காரன் ஒரு தரமேனும் சிரிக்கவில்லை. கல்லறைக்கு முன்னால் அவன் குரல் உடைந்து போகிறது. என் ஆங்கிலம் பார்சல் படிவம் நிரப்பத்தான் காணும். ஆனாலும் அவன் அங்கே திறப்பைக் கேட்கவில்லை என்பது விளங்கியது.

நானா குழம்பிப்போனார். "ஐயா, இது நாங்கள் பாத்த படம்தானே? சிரிப்பு எங்கை?"

"சிரிப்பு ஜேர்மனிக்குப் போயிட்டுது, நானா."

அவனுக்கு ஆங்கிலம் விளங்கித்தான் மாற்றிச் சொன்னானா? விளங்காமல் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டானா? எனக்குத் தெரியாது. அழுவதற்கென்று படம் பார்க்க வேண்டிய தேவை இங்கே ஒருவருக்கும் இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு தொடரில் ஒரு பாகம் மட்டும் வேறு மாதிரி இருந்தால் என்ன சொல்கிறோம்? டைரக்டர் மாறிவிட்டார், கதை தீர்ந்துவிட்டது... சில வேளை படம் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் நின்று கதை சொன்னவன்தான் இல்லை. ஆகவே படம் எடுத்தவர்களிடமும் வவுனியா ரீச்சரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது எனக்குப் பழகவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவனும் அங்கே ஏதோவொரு அறையில் அப்படித்தான் சாப்பிடுகிறான் என்பது நேற்றுத்தான் உறைத்தது. லாச்சியைத் திறந்தேன். ஒரு எயார் மெயில் தாளை எடுத்தேன். ஏன் சொல்லாமல் போனாய், நான் யாரடா உனக்கு என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். இன்னொரு தாள் எடுத்து ஒரே ஒரு வரி எழுதி, நானே சீல் குத்தி அனுப்பிவிட்டேன்.

"இஞ்சாரும், அலுமாரித் திறப்பை எங்கை வைச்சிட்டுப் போனனீர்?"