ஈரலுக்கு ஏது புரட்டாசி

இங்கே மருந்துக்கடையிலும் கேள்வி கேட்கிறார்கள். பாரிசுக்கு வெளியே நாங்கள் இருக்கும் ஊரில், கடைக்கார மதாம் என் வீட்டுக்காரருடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, போன மாதம் வாங்கியதைச் சாப்பிட்டு முடித்தாரா என்பார். எனக்கு அது விசித்திரம். புதுச்சேரியில், எங்கள் நெல்லித்தோப்பில் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். தின்றாயா என்று எந்தக் கடைக்காரர் கேட்டார்?

இரண்டு வருடத்துக்கு முன் வக்கான்சுக்கு, அதாவது லீவுக்கு, புதுச்சேரி போனோம். புரட்டாசி மாதம். அந்த மாதம் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. அவருக்குப் பிரஷருக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று. பிரஷர் மாத்திரையை விடாமல் போட்டார். கொழுப்பு மாத்திரையைப் பெட்டியோடு வைத்துவிட்டார். பாரிசிலும் கறி தின்கிற நாளில்தான் போடுவார். அங்கே டாக்டர் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். அவர் என்ன சொன்னாலும் இவர் 'உய், உய்' என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு வருவார்.

"கறியே தொடாதவருக்கு எங்கேந்து அண்ணி கொழுப்பு வரும்?" என்றாள் நாத்தனார் செல்வி.

"அதான் மொத்தமும் உன் வாய்ல இருக்குதே" என்றார் அவர்.

சிரித்தோம். கடைசிச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்துவிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. ஆட்டோ பிடித்துக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைப்பாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

மறுநாள் ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு.

"கொழுப்பு மாத்திரைய ஏம்மா நிறுத்துனாரு?"

"புரட்டாசிங்க. கறி சாப்பிடல."

அவர் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ரத்தக்குழாய் சுவத்துல சதை இருக்கும்மா. இறுக்கிக்கோன்னு உடம்பு அதுக்குச் சேதி அனுப்பும். அதைக் கேக்க அந்தச் சதை செல்லு மேல காது மாதிரி ஒண்ணு இருக்கு, ரிசப்டர்னு சொல்லுவோம். ரத்தத்துல கொழுப்பு ஏறுனா அந்தக் காது இன்னும் நிறைய முளைக்கும். மெதுவாச் சொன்னாக்கூட கத்துற மாதிரி கேக்கும். குழாய் இறுகும், மாத்திரை போட்டாலும் பிரஷர் ஏறும், நெஞ்சைத் தாக்கும்."

"கறிதான் சாப்பிடலயே?"

"பாதிக்கு மேல கொழுப்பை ஈரலே செய்யுதும்மா. ஈரலுக்கு ஏது புரட்டாசி?"

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கண் திறந்தார். "இங்கியே போயிட்டா நல்லதுடி. நம்ம ஊரு" என்றார்.

"நம்ம பொண்ணு பாரிசுல இருக்கா. பேசாம படுங்க" என்றேன்.

பிழைத்தார். திரும்பி வந்ததும் மருந்துக்கடை மதாமிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். "உங்கள் கடவுள் மாத்திரை சாப்பிடக் கூடாது என்கிறாரா?" என்று பதறினார். கடவுள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களாக நினைத்துக்கொண்டது என்று விளக்க என்னிடம் வார்த்தை இல்லை. "உய், மதாம்" என்றேன். இப்போது நான்தான் தினமும் அவர் விழுங்கும்வரை எதிரில் நிற்கிறேன். புரட்டாசியிலும்.

திரும்பி வந்த விமானத்தை அடிக்கடி நினைக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டார்கள். அவர் தூங்கினார். உயிர் இருக்கிறதா என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தேன். நாடி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஏதோ ஒரு ஊரின் வெளிச்சம். அது யார் ஊரோ. நடுவில் எங்காவது நாடி நின்றுபோனால் இவரை எந்த ஊரில் இறக்கச் சொல்வது என்று யோசித்தேன். கையை விடவில்லை.