தாகமில்லை என்றவர்

வங்காளச் சண்டைக்குப் போன என் வீட்டுக்காரர் கண்ணிவெடியில் அடிபட்டு ஊர் திரும்பினார். கால் இரண்டும் பத்திரம். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. சிறுநீர் போகிற வழிதான் சிதைந்துபோயிருந்தது. அடிவயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள். அது தொடையில் கட்டிய பைக்குள் இறங்கும். மாதாமாதம் தஞ்சாவூருக்குப் போய்க் குழாயை மாற்றிக்கொண்டு வர வேண்டும். மற்ற நாளெல்லாம் பையை அலசுவதும் துளையைச் சுற்றித் துடைப்பதும் என் வேலை. இனிமேல் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொன்னபோது அழுதேன்தான். ஆனால் ஆள் வந்து சேர்ந்தாரே என்ற சந்தோஷத்தில் அந்த அழுகை ரொம்ப நாள் நிற்கவில்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது அவருடைய வீம்பு. "தண்ணி நெறைய குடிக்கணும், இல்லாட்டி குழாய் அடைச்சுக்கும், கிட்னி போயிடும்" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இவரோ வெளியே கிளம்புகிற நாளில் சொட்டுத் தண்ணீர் வாயில் விட மாட்டார். பை நிறைந்தால் வேட்டிக்குள் புடைக்கும், நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயம். குண்டுக்குப் பயப்படாத மனுஷன் ஒரு சொம்புத் தண்ணீருக்குப் பயந்தார். அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து தூக்கிப் போட்டது. அடுத்த தடவை பிழைப்பாரா என்பதுதான் எனக்கு எப்போதும் கவலை.

அது கழக ஆட்சிக் காலம். நிலத்துக்கு உச்சவரம்பு வந்திருந்தது. ஊருக்கு ஊர் கூலித் தகராறு. அந்த வருஷம் சம்பா அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் வயல்காரர்களுக்கும் கூலி ஆட்களுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. பட்டாளத்துக்காரர் என்பதால் இவருக்கு இரண்டு பக்கமும் மரியாதை. போய்ப் பேசிவிட்டு வரச் சொல்லி வயல்காரர்கள் இவரைத்தான் அனுப்பினார்கள்.

ஆட்கள் தெருவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து யார் பேச வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுவார்கள். வாங்கிக் குடித்தால்தான் பேச்சு. குடிக்காவிட்டால், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் எழுந்து போய்விடுவார்கள். இவர் "தாகமில்லை" என்றிருக்கிறார். அவ்வளவுதான். பட்டாளத்துக்குப் போயும் சாதிப் புத்தி போகவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. யாரோடு வேண்டுமானாலும் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"உள்ளதச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"எதச் சொல்லச் சொல்றே? சாதி பாக்குறவன்னே நெனச்சுட்டுப் போகட்டும்."

எனக்கு வந்ததே கோபம். "வீம்புக்குச் செத்துப்போறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுச் சாவுங்க. நாளைக்கு நானும் வர்றேன்" என்றேன்.

மறுநாள் போனோம். கொடிக்கம்பத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கூலி ஆட்களின் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஓர் அம்மா, என் வயசுதான் இருக்கும், சொம்போடு வந்தார். "எங்க கைத் தண்ணி இன்னைக்காவது எறங்குமா, பட்டாளத்துக்காரரே?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பதிலுக்கு முறைத்தேன். சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"அடிபட்டதுல எனக்கு மூத்திரம் போற வழி கெட்டுப்போச்சும்மா. வயித்துல குழாய் வச்சு, தொடையில பை கட்டியிருக்கேன். நெறஞ்சா அசிங்கமாப் போயிடுமேன்னுதான் அன்னைக்குக் குடிக்கல. வேற ஒண்ணுமில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இதுல என்னங்க அசிங்கம்? எங்க கொல்லையில மறைப்புக் கட்டியிருக்கு. நெறஞ்சா போயிட்டு வாங்க. இன்னைக்குப் பேச வேண்டியது நெறைய இருக்கு, தாகம் எடுக்கும்" என்று மறுபடியும் நிரப்பிக் கொடுத்தார்.

இவர் அதையும் குடித்தார். கூலி விஷயம் அன்று முழுசாகத் தீரவில்லை. மத்தியானம் வரை இழுபறிதான். நடுவில் இவர் எழுந்து, எல்லோரும் பார்க்க, அந்தக் கொல்லைக்குப் போய்விட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் சொம்புக்குக் கை நீட்டினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இந்த மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.