வியாழக்கிழமை வந்த நம்பர்

“ஆர்.சி. புக்கக் காட்டுங்க” என்று நதியா கேட்கும்போது அவள் கண் கையிலுள்ள கத்தியில்தான் இருக்கும். மலைமேலுள்ள ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஆறடிக் கடையில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறாள். ஒட்டியதும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை விரட்டுவாள். குலசாமி பெயர், கட்சிக் கொடி, காதலியின் முதலெழுத்து எதுவானாலும் கேள்வி கிடையாது. நம்பர் என்றால் மட்டும் ஆர்.சி. பார்க்காமல் வெட்ட மாட்டாள். “கூடப் பொறந்த அண்ணனே வந்தாலும் இன்னா? வண்டி அவருதுதான்னு பாக்கணும்ல?”

போன வருஷம் உள்ளூர்க்காரன் தனசேகரன் வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர் அனுப்பி, குட்டியானை லோடு வண்டிக்கு ஸ்டிக்கர் கேட்டான். ஆர்.சி. இல்லை, முடியாது என்றுவிட்டாள். அது வியாழக்கிழமை.

சனிக்கிழமை அதே ஊர்ச் சடையனின் குட்டியானை காணாமல் போனது. மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்கும் அந்த வண்டிதான் அவர் வீட்டுச் சோறு. பத்து நாள் கழித்து அமிர்திப் பக்கம் ஒரு தோப்பில் போலீஸ் அதைக் கண்டுபிடித்தது. நம்பர் மாறியிருந்தது.

பிடிபட்ட தனசேகரன் அசரவில்லை. “தெரிஞ்சவரு வண்டி. அவசரத்துக்கு எடுத்தேன், திருப்பிக் குடுக்கத்தான் இருந்தேன். போலீசுக்கு பயந்து அப்பறமா நம்பர மாத்தினேன்.”

திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் எடுத்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றார் அரசு வக்கீல். சடையன் நதியாவின் கடையில் வந்து உடைந்துபோய் உட்கார்ந்தார். “ஒருத்தன் மனசுல கீறத எப்பிடிம்மா காட்டறது?”

மாற்றிய நம்பர் என்ன என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்லக் கைபேசியில் பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனவள் சட்டென்று நிமிர்ந்தாள். “அண்ணா, இதே நம்பர்! வண்டிய எடுக்கறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே எங்கிட்ட கேட்டுக்கீறான்!”

தனசேகரனின் ஆட்கள் இரண்டு முறை கடைக்கு வந்தார்கள். “போனு தொலைஞ்சிட்ச்சின்னு சொல்லிடு.”

“தோ, கையில கீதே” என்றாள்.

செங்கம் நீதிமன்றத்தில் நதியா சாட்சி சொன்னபோது, வேறு யாராவது அவன் போனிலிருந்து அந்த நம்பரை அனுப்பியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார்.

“வாய்ஸ்லயும் கேட்டாருங்க சார்.”

நீதிபதி அதை ஒலிக்கவிடச் சொன்னார். தனசேகரனின் குரல் தெளிவாக வந்தது: “சனிக்கெழமைக்குள்ள வேணும் நதியா. நம்மகிட்ட குட்டியானை ஒண்ணு வரப் போவுது.”

கூண்டில் நின்றவன் தலை தொங்கியது. அவனுடைய வக்கீல் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

திருட்டுத்தான் என்று தீர்ப்பு வந்த மதியம், சடையன் ஓட்ட, அதே வண்டியில் இருவரும் மலையேறினார்கள். முன்சீட்டில் இடமிருந்தும் நதியா பின்னால் ஏறி நின்றுகொண்டாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.