கிராங்க் இல்லாமல் பேரிங் இல்லை

செம்மண்டலத்தில் நேற்று ஒரு மெக்கானிக் புதுப் பேரிங்கின் எண்ணெய்த்தாளைப் பிரித்தபோது எழுந்த வாசனை, மஞ்சக்குப்பத்தில் அம்மா நடத்திய, இப்போது செல்போன் கடையாகிவிட்ட பேரிங் கடையை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது. கார் எஞ்சினைப் பிரித்தவர்கள் அதன் கிராங்க் தண்டைச் சாக்கில் சுற்றிச் சுமந்து வருவார்கள். தேய்ந்த தண்டை லேத் பட்டறையில் கடையக் கடைய அது மெலியும், அதற்கேற்ப அதைச் சுற்றி உட்காரும் பேரிங் தடிக்க வேண்டும், சைஸ் தப்பினால் எஞ்சின் நடுரோட்டில் இறுகிவிடும் என்பதால், தண்டை அளக்காமல் அம்மா யாருக்கும் பேரிங் தந்ததில்லை.

சிதம்பரத்தில் டாக்ஸி ஓட்டிய மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் வெறுங்கையோடு வந்தார்.

"போன தடவ போட்ட இருபது சைஸே குடுக்கா. நாளைக்கி கல்யாண சவாரி."

"கிராங்க எடுத்துகினு வா."

"தம்பிக்கே இப்படியா?"

"எஞ்சினுக்குத் தெரியுமா நீ என் தம்பின்னு?"

கோபத்தோடு போனவர் சாயங்கால பஸ்ஸில் சாக்குமூட்டையோடு வந்து இறங்கினார். அம்மா தண்டைத் துடைத்து, மைக்ரோமீட்டரை வைத்து, அது இறுகியதும் எழும் சின்ன 'டிக்'குக்குக் காதைச் சாய்த்து, தண்டைத் திருப்பி மறுபடியும் அளந்தாள். இந்தத் தடவை பட்டறையில் இன்னும் மெலிதாகக் கடைந்திருந்தார்கள். இருபதைவிடத் தடித்த முப்பது சைஸ் பெட்டியை எடுத்து வைத்தாள். மாமா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்டியாடா?" என்றாள் அம்மா.