ஒரு முழுக் காபி

அல்சூரில் நான் காபி குடிக்கும் ஓட்டல் வாசலில் மத்தியானம் அவர் நிற்பார். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காக்கிச் சட்டை, முறுக்கு மீசை, அந்த மீசைக்குப் பொருந்தாத மெல்லிய குரல்.

"சார், பை-டூ சொல்லிடலாமா?"

ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். அதற்குக் கூட்டாளி தேடித்தான் நிற்பார். எனக்குப் பாதிக் காபி பிடிக்காது. ஆனால் அந்தக் குரலிடம் மாட்டேன் என்று சொல்ல வராது.

முன்பெல்லாம் தினமும் உள்ளே உட்கார்ந்து மசால்தோசை சாப்பிட்டவர். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுக்காரிய ஆஸ்பத்திரில சேத்திருக்கேன் சார். ஊசி மருந்த வெளிய வாங்கணும். வாயக் கட்டினாத்தான் ஆவும்."

பிறகு கொஞ்ச நாள் அவரைக் காணவில்லை. திரும்ப வந்தபோது வாசலில் நிற்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். மீசை இல்லை. எதிரில் உட்கார்ந்து, வழக்கம்போல பை-டூ சொன்னேன்.

"வேணாம் சார். ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. இனிமே மிச்சம் புடிச்சி என்னா பண்ணப் போறேன்."

முழு டம்ளர் வந்தது. பாதிவரை குடித்தார். அதற்குமேல் அவருக்கு இறங்கவில்லை.