டுரியானுக்கு முன்னால் ஒரு மடக்குக் கத்தி

லோகன் கைப்பேசியை மறந்துவிட்டு வெளியே கிளம்பியிருக்கிறான், பர்ஸை மறந்திருக்கிறான், ஒரு தீபாவளிக்குச் செருப்பையே மறந்துவிட்டு லோரியில் ஏறியிருக்கிறான். ஆனால் கால்சட்டைப் பையில் அந்த மடக்குக் கத்தி இல்லாமல் வாசல் தாண்டியதாகச் சரித்திரமே கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கத்தி. கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வாங்கியது. தங்கச் சங்கிலி வைத்திருப்பவர்கள்கூட அதை அப்படித் துடைத்துத் துடைத்துப் பார்க்க மாட்டார்கள்.

கிள்ளானில் ஒரு மின்சாமான் கடைக்கு அவன் லோரி ஓட்டுகிறான். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கும் வேலை. பிளாஸ்டிக் வார், தடித்த அட்டை, நாடா, கயிறு என்று எதுவானாலும் லோகனின் கத்தி ஒரே இழுப்பில் முடித்துவிடும். கோயில் அன்னதானத்தில் எலுமிச்சம்பழம் நறுக்க ஆள் தேடினால் லோகன் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருப்பான். பக்கத்து வீட்டுக்காரி சட்டையில் நூல் பிரிந்தாலும், எதிர்வீட்டுக்குப் பார்சல் வந்தாலும், "லோகா!" என்று ஒரு குரல்தான்.

அவன் அக்கா அமுதவள்ளிக்கு மட்டும் அந்தக் கத்தியைக் கண்டாலே எரியும். அம்மா அப்பா போன பிறகு தம்பியை ஒரு கரை சேர்க்கும் பொறுப்பு அவள் தலையில்.

"நாப்பது வயசு ஆகப்போவுது. பொண்ணு பாக்கப் போற எடத்துல பாக்கெட்லேருந்து கத்திய எடுத்தா கேங்ஸ்டர்னுதான் நெனைப்பாங்க. வீட்ல வச்சிட்டு வாலா!"

"பழம் வெட்டுறதுக்குக்கா."

"அவங்க வீட்ல கத்தி இருக்காதா?"

ஒன்று சொல்ல வேண்டும். கத்தியால் என்ன முடியும் என்பதைப் போலவே, என்ன முடியாது என்பதும் லோகனுக்கு அத்துப்படி. லோரியில் கூட வரும் ஆட்கள் ஆணியை நெம்பவோ மூடியைக் கிளப்பவோ அதை இரவல் கேட்டால் தரமாட்டான். கையை விரித்து நின்று ஒரு பாடமே நடத்துவான். விரித்த கத்தியை மடங்காமல் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தகடுதான். நேராக அழுத்தி வெட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், பக்கவாட்டில் திருகினால் தகடு நழுவும், கத்தி மடங்கி நம் விரலையே கவ்வும். "வெட்டு, நெம்பாதே" என்பதுதான் அவன் மந்திரம்.

கத்தியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்குத் தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கத்தி விஷயத்தைத் தவிர வேறெதற்கும் அவன் வாயில் "முடியாது" என்ற சொல் வரவே வராது. மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கு ஃபிரிட்ஜைத் தூக்கிவரச் சொன்னாலும் "சரி பாஸ்" என்பான். இரவு முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவான். முன்பு வந்த ஒரு வரன் கெட்டதும் இதனால்தான். பெண்ணின் மாமா லோரியை விட்டுவிட்டு இன்சூரன்ஸ் விற்கச் சொன்னார், சரி என்றான். அத்தை ஜொகூருக்குக் குடிவரச் சொன்னாள், அதற்கும் சரி. சித்தப்பா மீசையை எடுக்கச் சொன்னார், அதற்கும் சரி. கடைசியில் அந்தப் பெண், "இவருக்குன்னு ஒரு எண்ணமே இல்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். லோகன் மனம் நொந்துபோனான். இவ்வளவு சரி சொல்லியும் ஏன் வேண்டாம் என்றாள் என்பது அவனுக்குப் புரியவே இல்லை.

இந்த முறை அக்காவோடு போனது, கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ரவாங்குக்கு. பெண்ணின் பெயர் மாதவி. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறைக்குள் தண்ணீர் நிரப்பியும், இழுத்துப் பார்த்தும், எங்கே ஒழுகுகிறது, எங்கே கிழிகிறது என்று கண்டுபிடிப்பது. படத்தைப் பார்த்ததிலிருந்தே லோகனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நேரில் பார்த்ததும் பிடித்தது இரண்டு மடங்காகிவிட்டது. எப்படியாவது இந்தப் பெண் சரி சொல்லிவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே கேசரியை விழுங்கினான்.

பேச்சு நன்றாகத்தான் போனது. அப்போதுதான் மாதவியின் அப்பா பழனியப்பன் கொல்லையிலிருந்து முள்ளும் வாடையுமாக ஒரு டுரியானைக் காம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நம்ம மரத்துப் பழம் தம்பி, காலையில விழுந்துச்சு. சாப்பிடாம போகக் கூடாது."

"பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால டுரியானா?" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் காதில் வாங்கவில்லை. டுரியான் திறக்கும் தடித்த பாராங் கத்தியை அடுத்த வீட்டுக்காரர் வாங்கிப் போயிருந்தார் என்பதுதான் அவருடைய கவலை.

"மாப்பிள்ள, கத்தி கித்தி வச்சிருக்கீங்களா?"

மாப்பிள்ளை! அந்த ஒரு சொல்லில் லோகன் உருகிவிட்டான். அமுதவள்ளி முறைத்த முறைப்பை அவன் பார்க்கவே இல்லை. கத்தி வெளியே வந்து, டக்கென்று விரிந்தது. பழனியப்பனின் முகம் மலர்ந்தது.

"அட! இதுல தொறந்துடலாமா?"

டுரியானை வெட்டித் திறக்க முடியாது. அடியில் பிளவு கூடும் இடம் பார்த்து நுனியைக் குத்தி, பலமாகத் திருகி, ஓட்டைப் பிளக்க வேண்டும். அதற்குத் தடித்த, மடங்காத கத்தி வேண்டும். லோகனுக்கு இது தெரியாதா? ஊருக்கே பாடம் எடுத்தவன் ஆயிற்றே. ஆனால் கதவோரம் மாதவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்துடலாம் அங்கிள்," என்றான்.

துணியால் பழத்தைப் பிடித்துக்கொண்டு நுனியைக் குத்தினான். நன்றாக இறங்கியது. மெல்லத் திருகினான். டுரியான் அசையவில்லை. இன்னும் பலமாகத் திருகினான். கத்தியின் மூட்டு கிறீச்சென்றது. அந்தச் சத்தத்தின் பொருள் அவனுக்குத் தெரியும், அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு கொடுத்தான். தகடு நழுவியது. பிடி மடங்கி அவன் ஆள்காட்டி விரலைக் கவ்வியது. டுரியான் அவன் மடியில் உருண்டு, முள்ளெல்லாம் தொடையில் பதிந்தது.

"ஐயோ அம்மா!"

வீடு அமளிப்பட்டது. மாதவியின் அம்மா மஞ்சள் தூளோடு ஓடிவந்தாள். பழனியப்பன் பாராங்கை வாங்கிவர அடுத்த வீட்டுக்கு ஓடினார். எல்லாம் போச்சு என்று அமுதவள்ளி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். நல்லவேளை, காயம் ஆழமில்லை. மாதவி பிளாஸ்டர் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். லோகனுக்கு வலியைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. நிமிரவே இல்லை.

"இந்தக் கத்தி திருகுறதுக்குத் தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் மாதவி, விரலைச் சுற்றிக்கொண்டே.

"தெரியும்."

"அப்பறம் ஏன் செஞ்சீங்க?"

"உங்கப்பா கேட்டாரு. நீங்க வேற பாத்துக்கிட்டு இருந்தீங்க. முடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். கேலியான சிரிப்பு இல்லை, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. லோகனுக்கும் தொற்றிக்கொண்டது. அதற்குள் பழனியப்பன் பாராங்கோடு வந்து, ஒரே குத்து, ஒரே திருகில் டுரியானைப் பிளந்துவிட்டார். கத்தியின் மீது அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. மடங்கிக் கிடந்ததை எடுத்துத் துடைத்து விரித்து, நார் ஒட்டிய சுளையை அதாலேயே அழகாகக் கீறிப் பிரித்து, "வெட்டுறதுக்கு அருமையா இருக்கே!" என்று மெச்சிக்கொண்டார்.

எல்லோரும் கையெல்லாம் பிசுபிசுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாதவி கேட்டாள்.

"அப்பாவுக்கு முட்டி வலி. நான் ஒரே பொண்ணு. கல்யாணத்துக்கு அப்பறம் நீங்க ரவாங்குக்கே வந்துட முடியுமா?"

அமுதவள்ளி தம்பியை அவசரமாகப் பார்த்து, தலையாட்டு என்று கண்ணாலேயே சொன்னாள். லோகனின் நாக்கு நுனியில் "சரி" வந்து நின்றது. வழக்கம்போல வழுக்கிக்கொண்டு வெளியே வரத் தயாராகவும் இருந்தது. பிளாஸ்டர் போட்ட விரல் விண்விண்ணென்று தெறித்தது. இவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"முடியாதுங்க," என்றான். "ரவாங்குலேருந்து தெனம் விடியக்காலம் கிள்ளானுக்கு லோரி எடுக்கப் போறதுன்னா, ஒரு மாசம் சிரிச்சிக்கிட்டே போவேன். அப்பறம் உங்க மேலதான் எரிஞ்சு விழுவேன். அந்த வேலைய விடவும் எனக்கு மனசு இல்ல. எனக்கு அது புடிச்சிருக்கு."

அமுதவள்ளி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இந்தப் பெண்ணும் எழுந்து போகப்போகிறாள் என்று லோகன் எண்ணிக்கொண்டான்.

மாதவி எழுந்துதான் போனாள். கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து, முன்பு இருந்ததைவிடச் சற்றுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் கிள்ளானுக்கு வர முடியாது," என்றாள் அவனிடம். பிறகு பழனியப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நடுவுல சுங்கை பூலோ பக்கம் வாடகைக்கு வீடு கெடைக்குமான்னு கேட்டுப் பாருங்கலா."